பணம் திரும்பி வரும் என்றவர்கள்

1

நாங்கள் ஆரணியிலிருந்து இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த வாரத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் கூடுதலாக வரி கட்டிவிட்டேன், அதை அரசாங்கம் திருப்பித் தரப்போகிறது, கீழே இருக்கும் பொத்தானை அழுத்தி வங்கி அட்டையின் எண்ணைக் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தது. மேலே அரசு முத்திரை. கீழே ஓர் அதிகாரியின் கையெழுத்துகூட இருந்தது.

இங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு நேரத்தில் மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அந்தச் சம்பளத்துக்கு வரி கிடையாது. கட்டாத வரியை யார் திருப்பித் தருவார்கள்? இவ்வளவு தெரிந்தும், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அந்த மின்னஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை எனக்குத் தெரியாமல் பிடித்திருப்பார்களோ? சம்பளச் சீட்டை நான் சரியாகப் படிக்கவில்லையோ? அரசாங்கம் கேட்டதற்குப் பதில் போடாமல் விட்டால், நாளைக்கு விசா புதுப்பிக்கப் போகும்போது அதுவே ஒரு குறையாக வந்து நிற்குமோ? இந்த ஊரில் எனக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் புத்தி போகிறது. அரசாங்கக் கடிதங்கள் வரும் பழுப்பு நிற உறையைப் பார்த்தாலே பிரிக்காமல் தள்ளி வைத்துவிடுவேன்.

போன வருடம் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. என் கணவர் முரளிக்கு வரி அலுவலகத்திலிருந்து உண்மையாகவே ஒரு காசோலை வந்தது. வேலை மாறியபோது தவறுதலாகக் கூடப் பிடித்த வரி அது. நான் மோசடி என்று முடிவுகட்டி, கிழித்துப் போடவும் பயந்து, அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். மாதங்கள் கழித்து அரிசி வாங்கி வந்த அன்று அவர் அதைக் கண்டெடுத்தார்.

"பொய்ய நம்பி ஏமாந்தவங்களப் பாத்திருக்கேன். நெசத்த நம்பாம அரிசிக்கு அடியில வெக்கிறவள இப்பதான் பாக்கறேன்" என்றார். இன்றுவரை விருந்துக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

சோறு குழைந்துபோன பிறகுதான் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். முன்னால் அரசாங்கத்தின் பெயர், பின்னால் ஏதோ ஒரு பூக்கடையின் பெயர். அழித்துவிட்டேன்.

2

எங்கள் வீட்டில் வரி என்றால் நான்தான். கல்யாணத்துக்கு முன்பு ஆரணியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஜவுளிக்காரர்கள் ஒரு பக்கமும் மாதச் சம்பளக்காரர்கள் ஒரு பக்கமுமாக, வரிக் கணக்குக் கொடுக்கும் ஜூலை மாதத்தில் அந்த மாடிப்படி முழுக்கச் செருப்பாகக் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் அப்பாவின் கணக்கை இங்கிருந்தே நான்தான் தாக்கல் செய்கிறேன்.

அப்பா செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் எதுவானாலும் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே சாலையில் போய் நிற்பார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். அவருடைய அப்பாவுக்குக் கால் வைக்கச் சொந்தமாக ஓரடி நிலம் இருந்ததில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி சேமிப்புக் கணக்கில் இருந்தது. அம்மாவின் இரண்டு முட்டிகளும் தேய்ந்துபோனதால் வேலூரில் அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கியது அது. மறு பாதி வைப்புத் தொகை. அதிலிருந்து வரும் வட்டியில்தான் இருவருடைய சாப்பாடும் மருந்தும் நடக்கின்றன.

வருமானம் குறைவாக உள்ளவர்கள் ஒரு படிவம் கொடுத்துவிட்டால் வங்கி வட்டியில் வரி பிடிக்காது. அப்பா கொடுக்க மறந்துவிட்டார். பிடித்துவிட்டார்கள். நான் ரிட்டர்ன் போட்டு முடித்து, "ரீஃபண்ட் வரும்ப்பா. மெசேஜ் வரும், பாத்துகினே இருங்க" என்று சொன்னேன்.

பார்த்துக்கொண்டே இருங்கள் என்று அப்பாவிடம் யாராவது சொன்னால் அவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

எனக்கு அந்தப் பூக்கடை மின்னஞ்சல் வந்த மறுநாள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். வரித்துறை யாரிடமும் அட்டை எண்ணோ ஓடிபியோ கேட்காது. ரீஃபண்ட் என்பது நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் கணக்குக்குத் தானாக வந்து சேரும், அதற்காக எதையும் அழுத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் வந்த இணைப்பை விட்டுவிட்டு வரித்துறையின் தளத்துக்கு நாமே போய்ப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லாமல் 'அன்புள்ள வாடிக்கையாளர்' என்று வந்தால் பொய். இன்றைக்குள் செய் என்று அவசரப்படுத்தினால் பொய். எழுத்துப்பிழை இருந்தால் பொய். பேசி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. சித்திகள் கைகூப்பும் படங்கள் போட்டார்கள். நான் என்ன அனுப்பினாலும் "சூப்பர்மா" என்று எழுதும் அப்பா ஒன்றும் எழுதவில்லை. கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமான நீலக் கோடுகள் மட்டும் இருந்தன.

3

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தியை அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. காய்ச்சல் என்றால் இறங்கிய பிறகு சொல்வார்கள். விழுந்தால் கட்டுப் பிரித்த பிறகு சொல்வார்கள். "தனியா கீது, அத எதுக்குப் பேஜார் பண்ணிகினு" என்பார் அம்மா. எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொல்வார்கள்.

இந்தப் பக்கமும் அதே கதைதான். முன்பு ஒரு குளிர்காலத்தில் முரளிக்கு வேலை போனது. குறித்த நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா செல்லாது, ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் வீடியோ அழைப்புக்கு முன்னால் தலை வாரி, பொட்டு வைத்து, பின்னால் தெரிகிற மாதிரி பழத்தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பேசுவேன். வேலை கிடைத்த பிறகும் சொல்லவில்லை. முடிந்துபோனதை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அந்தக் குரல் பதிவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலூருக்கு எப்போது போகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தேதி வாங்கியிருந்தார்கள். இந்த வெயிலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்க முடியாது, பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த முட்டி வலியில் ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுகிறவர் அவர். மாடியில் துணி காயப்போடக்கூட முடியவில்லை என்று போன மாதம் சொன்னவர். டாக்டர் சொன்னாரா என்றேன். அவரும்தான் சொன்னார் என்று சொல்லிவிட்டு, என் மகள் இளைத்துவிட்டதாகப் பேச்சை மாற்றினார். அப்பா எங்கே என்றேன். கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். ஆனால் பின்னால் அப்பா இருமுவது எனக்குக் கேட்டது.

நான் எதையும் பெரிதாக்குகிறவள் என்று பெயர் வாங்கியவள். அதனால் இதையும் பெரிதாக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

என் மகள் தியாவுக்கு ஆறு வயது. தமிழைக் கேட்டால் ஓரளவு புரியும், வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். தாத்தா "சாப்ட்டியா குட்டி" என்றால் "யா" என்பாள். அடுத்த கேள்விக்கும் அதே "யா". அதற்குமேல் அந்தப் பேச்சு போகாது. போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுத் தன் பொம்மைகளிடம் போய்விடுவாள். அவளைத் திட்டுவதா, தமிழ் சொல்லிக் கொடுக்காத என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இருந்துவிடுவேன்.

அதற்கடுத்த வாரம், அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. தியா சோபாவில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வாட் இஸ் போச்சு?"

யார் சொன்னது என்றேன். தாத்தா சொன்னாராம். "எல்லாம் போச்சு குட்டி" என்று சொன்னாராம், சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

பேரப்பிள்ளைக்கு நம் பேச்சு தெரியாது என்று அப்பா நினைத்திருக்கிறார். மூன்று தலைமுறையில் அவர் வாய்விட்டுச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று ஆகியிருக்கிறது. போனில் அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செய்யாரில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தங்கை ரேவதியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் எதுவும் தெரியவில்லை.

5

நேராகக் கேட்டால் அப்பா சொல்ல மாட்டார். "ஒண்ணுமில்லமா" என்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறு ஞாயிறு மதியம், அங்கே மாலை, கதவைச் சாத்திக்கொண்டு அவரை அழைத்து ஒரு பொய் சொன்னேன்.

"அப்பா, யாருக்கும் சொல்லாதீங்க. அவருக்கும் தெரியாது. ரீஃபண்ட்னு மெயில் வந்துச்சு. நம்பி நம்பரக் குடுத்துட்டேன். இருந்தது எல்லாம் போயிட்ச்சு."

அழுவதுபோல நடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடிக்கத் தேவைப்படவில்லை.

அப்பா மெதுவாக, "உனுக்குமாம்மா?" என்றார்.

அதன் பிறகு எல்லாம் வந்தது. நான் குரல் பதிவு போடுவதற்கு முன்பே அவருக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. அவருடைய முழுப்பெயர், அவருடைய அப்பா பெயர், பான் எண் எல்லாம் சரியாக இருந்திருக்கின்றன. நல்ல தமிழ், பிழை இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ரீஃபண்ட் தயார், கணக்கு எண் மட்டும் பொருந்தவில்லை, சரிசெய்யுங்கள் என்று இருந்தது. அழுத்தினால் போனில் ஒரு செயலி இறங்கியிருக்கிறது. அட்டை எண் கேட்டது, கொடுத்தார். ஓடிபி கேட்டது, கொடுத்தார். அம்மாவின் முட்டிக்கு வைத்திருந்தது மொத்தமும் போய்விட்டது.

"மெசேஜ் வரும்னு நீ சொன்ன மாதிரியேதாம்மா வந்திச்சு" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தன் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்லும் குரல்.

பணம் போன பிறகு வந்த என் குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். நான் சொன்ன அடையாளங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். பாதி பொருந்தியிருக்கிறது, பாதி பொருந்தவில்லை. ஆகவே இது மோசடியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு அரிசி டப்பா நினைவுக்கு வந்தது. நான் யாருடைய பெண் என்று தெரிந்தது.

என் பொய்யை எப்படி எடுத்துச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் எனக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தார்.

"நீ அழுவாத. போனது வரும். ஒரு தம்பி கீறாரு, மீட்புப் பிரிவுல. எம் பணத்தப் புடிச்சி நிறுத்தி வெச்சிகீறாங்களாம். அத வுட்றதுக்கு அதே அளவு பணம் எம்பேர்ல காட்டணுமாம். நாளைக்கு பேங்குல வெச்சிருக்கிறத ஒடச்சி அனுப்பிட்டன்னா ரெண்டும் சேந்து வந்துடும். உன்னுதையும் சொல்லிப் பாக்கறேன்."

வைப்புத் தொகை. அவர்கள் இருவரும் சாப்பிடுகிற பணம்.

அது பொய் அப்பா, முதலில் எடுத்தவர்களேதான் இரண்டாவதும் வருவார்கள், ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறும், தொலைந்த பணத்தை மீட்கப் பணம் கேட்பவன் எவனும் மீட்க வந்தவன் இல்லை என்று வேகமாகச் சொன்னேன். நான் ஏமாறவில்லை, உங்களைப் பேச வைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். சொன்னது தப்பாகப் போனது. அவர் குரல் மாறிவிட்டது. விசாரணை முடியும்வரை வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தாராம். "சொல்லியிருக்கக் கூடாது" என்றார் அப்பா. என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

6

சிறிது நேரத்தில் என் வாட்ஸாப்புக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, வணக்கங்க. அப்பா இப்பதான் நம்பர் குடுத்தாரு. நீங்க ஒண்ணியும் பயப்படாதீங்க."

வேறு ஏதோ ஊர்க்காரன், புரியாத உச்சரிப்போடு பேசுவான் என்று நினைத்திருந்தேன். இவன் எங்கள் பக்கத்துப் பேச்சில் பேசினான். ஆரணி பஸ் நிலையத்தில் பக்கத்தில் நின்று பேசும் ஒரு பையனின் குரல். இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடத்தில், வீட்டாரைத் தவிர வேறு யாரும் என்னிடம் அந்தப் பேச்சில் பேசியதில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன். ஒரு கணம் காதுக்கு இதமாக இருந்தது.

எந்த அலுவலகம் என்றேன். சொன்னான். பெயர் என்ன என்றேன்.

"பேரு இன்னாத்துக்குங்க்கா. கேஸ் நம்பர் போதும். அம்மாவுக்கு இடது முட்டி ரொம்ப வீங்கிப் போச்சாமே? அப்பா நேத்து சொல்லிகினு இருந்தாரு. அத நெனச்சா எங்களுக்கே தூக்கம் வர்ல."

இடது முட்டி வீங்கியிருப்பது எனக்குத் தெரியாது.

போலீசில் சொல்வேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. "சொல்லுங்க்கா, தப்பே இல்ல. ஆனா கேஸ் அங்க போனா பணம் வர வருசக்கணக்காவும். அப்பா அதுவரைக்கும் தாங்குவாரா பாருங்க" என்றான். அதையும் பரிவாகத்தான் சொன்னான். பிறகு, அப்பாவிடம் தான் தினமும் பேசுவதாகவும், மனசைத் தளர விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அவரைச் சாப்பிட வைப்பதே தான்தான் என்றும் சொன்னான்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறேன்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு ரேவதிக்குப் போன் செய்தேன்.

7

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆரணிக்கு பஸ் ஏறினாள். நான் தியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே சுவரோரமாக நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்ற அம்மாக்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். நானும் சிரித்தேன்.

ரேவதி போனபோது அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வங்கியில் வரிசையில் நின்றிருந்தார். கையில் வைப்புத் தொகையின் ரசீது. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். இத்தனை வருடத்தில் அவர் எங்கள் கையை உதறியதில்லை. எல்லோரும் பார்க்க, "எம் பணம்டி. நான் சம்பாரிச்சது" என்று சத்தமாகச் சொன்னாராம். அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம்.

வங்கியில் இருந்த பெண் அதிகாரிக்கு விஷயம் சட்டென்று புரிந்திருக்கிறது. சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அப்பாவிடம் ஒரு பொய் சொன்னார். ரேவதியை உள்ளே கூப்பிட்டுப் புகார் கொடுக்கும் வழியைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சைபர் குற்றப் பிரிவில் பதிவு செய்தோம். முதலில் போன பணம் அன்றைக்கே பல கணக்குகள் தாண்டிவிட்டது, உடனே சொல்லியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டு அம்மா, "புள்ளைக்குத் தெரிய வாணாம்னு நான்தான் சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டாராம்.

வைப்புத் தொகை தப்பியது. அப்பாவைப் பேசிச் சம்மதிக்க வைத்து, இனி அம்மாவும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று மாற்றினார்கள். அப்பாவின் போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினார்கள். அந்த எண்ணைத் தடுத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. முரளி என்னைப் பார்த்து, உன் பொய்தான் அவர்களைக் காப்பாற்றியது என்றார். அன்று ஒருநாள் மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

8

அம்மாவின் முட்டிக்கு நாங்கள் இங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறோம். அது நடந்துவிடும். எனக்குப் பயம் அதில் இல்லை.

அப்பா நம்பவில்லை. அந்தத் தம்பி நல்லவர் என்றே இன்னும் சொல்கிறார். அன்றைக்கு மட்டும் பணத்தைக் காட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து வந்திருக்கும், பிள்ளைகள் குறுக்கே வந்து கெடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்கிறாராம். என்னோடு பேசும்போது மரியாதையாகப் பேசுகிறார். தியா எப்படி இருக்கிறாள் என்கிறார். அங்கே குளிரா என்கிறார். "நீ படிச்சவ, உனக்குத் தெரியும்" என்கிறார். சண்டை போட்டால்கூடத் தேவலை.

இப்போது தினமும் அழைக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். கேட்கும்போதே, இதைத்தானே அவனும் கேட்டிருப்பான் என்று தோன்றி, குரல் செயற்கையாகிவிடுகிறது. அப்பாவுக்கும் அது கேட்கும் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத் துணையாக இருந்த ஒரு குரலை நான் பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் கண்காணிக்கிற ஒரு குரலை வைத்திருக்கிறேன். நான் செய்தது சரிதான். ஆனால் அவரிடம் பொய் சொல்லாமல், நேராகவே கேட்டிருந்தால்? முதலில் முரளிக்கு வேலை போனதைச் சொல்லியிருந்தால்? படிக்கிறவர்களே, உங்கள் பிள்ளைகளிடம் கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

இதை முடித்துவிடலாம் என்று இருந்தபோது இன்று காலை ரேவதி கூப்பிட்டாள். நேற்று ஆரணிக்குப் போயிருக்கிறாள். அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்து மணி பார்த்திருக்கிறாள்.

"அக்கா, அப்பா போன்ல ரெண்டு டவர் காட்டுது" என்றாள்.

ஒரு சிம் எங்களுக்குத் தெரிந்தது. இன்னொன்றை அவர் எப்போது வாங்கினார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அதன் எண் எங்கள் யாரிடமும் இல்லை.